முதுகுக்குப் பின்னால் நின்ற அக்கா

மகனுக்கு மூன்று மாதம் ஆனபோது பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருந்தது. என் நாத்தனார் பிரான்ஸில் இருக்கிறார். என்றைக்காவது கூப்பிட்டால் குடும்பத்தோடு போய்வரலாம் என்று எங்கள் வீட்டில் ஓர் ஆசை. போட்டோ எடுக்க ஸ்டுடியோவுக்குப் போனோம். கழுத்து நிற்காத குழந்தையைத் தனியாக உட்காரவைக்க முடியாது. அதனால் ஸ்டுடியோக்காரர் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, தலையோடு ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்திவிட்டார். என் மடியில் அந்தத் துணிக்குமேல் பையன். துணிக்குள்ளிருந்து நான் அவனைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "கை தெரியுதும்மா, உள்ள இழுத்துக்குங்க" என்று இரண்டு முறை அதட்டினார். படம் அருமையாக வந்தது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் பையன் ராஜா மாதிரி இருந்தான். அந்தச் சுவர் நான்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம் ஆறவே இல்லை.

நான் முகம் வரைகிறவள். அதற்கென்றே ஐந்து வருடம் படித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் எண்ணெய் வண்ணத்தில் ஆளுயரப் படங்கள் போட்டிருக்கிறேன். பெண் பிறந்தபோது வண்ணக் குழாய்கள் பாதி காய்ந்தன, பையன் பிறந்தபோது மீதியும் காய்ந்தன. தெரிந்தவர்கள் பார்த்தால், "இப்பல்லாம் வரையறதில்லையா?" என்று கேட்பார்கள். காய்ச்சல் விட்டுவிட்டதா என்று விசாரிக்கிற அதே குரல். எனக்கு எரிச்சலாக வரும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பிள்ளைகள் படம் கணக்கில்லாமல் கிடந்தது. நான் என்று பார்த்தால் ஒரு கை, ஒரு புடவை முந்தி, தரையில் ஒரு நிழல், அவ்வளவுதான். மறுநாள் மகளை அழைத்துவரப் பள்ளிக்கூடம் போனபோது, வாசலில் காத்திருந்த மற்ற அம்மாக்களிடமும் கேட்டேன். அவர்களும் தங்கள் போனைத் திறந்து தேடினார்கள். ஒருத்திக்குக் கடைசியாகக் கிடைத்த சொந்தப் படம் அவள் வளைகாப்புப் படம். எல்லோரும் சிரித்தோம், ஆனால் அது சிரிக்கிற விஷயமாக எனக்குப் படவில்லை.

மகள் படித்தது புதுச்சேரியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு சின்னப் பள்ளியில், எல்.கே.ஜி. மதியம் பன்னிரண்டு மணிக்கு விடுவார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குப் பஸ் நேரம் ஒத்துவராது என்பதால் பதினொன்றரைக்கே வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் அரை மணி நேரம் ஊர்க்கதை ஓடும். வீட்டில் எனக்குக் கிடைக்காத அரை மணி நேரம் அங்கே சும்மா கிடந்தது. பையனுக்குக் கழுத்து நின்று ஆறு மாதம் ஆனதும், ஸ்கெட்ச் பேட், சார்கோல் கரித்துண்டு, பாகெத் என்கிற நீள ரொட்டி ஒன்று எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போய், அந்த அம்மாக்களை ஒவ்வொருவராக வரைய உட்கார்ந்தேன். ரொட்டி எதற்கென்றால், அதன் உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதியை உருட்டித் தேய்த்தால் கரி சுத்தமாக அழியும். கடினமான தோல் பையனுக்குக் கடிக்க. எங்கள் இருவருக்கும் ஒரே ரொட்டியில் வேலை முடிந்தது.

முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் வெட்கம். பிறகு போட்டி வந்துவிட்டது. ஒருத்தி கைப்பையிலிருந்து பவுடர் எடுத்துப் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இன்னொருத்தி தன்னைக் கொஞ்சம் சிவப்பாக வரையச் சொன்னாள். கரியில் எப்படிச் சிவப்பாக்குவது என்று கேட்டேன். படித்தவள்தானே, ஏதாவது செய் என்றாள். நான் ஒன்றும் செய்யவில்லை. கன்னத்தில் விழுந்த மங்குத் திட்டையும் தூக்கமில்லாத கண்ணையும் இருக்கிறபடியே போட்டேன். பார்த்துவிட்டு, "இது நான்தான்" என்று அவளே ஒத்துக்கொண்டாள்.

பெரிய தொல்லை என் பையன்தான். மடியில் வைத்தால் கரியைப் பிடுங்கித் தின்றான். பல் முளைக்காத ஈறெல்லாம் கறுப்பாக அவன் சிரிக்கும்போது பார்க்கிறவர்கள் பயந்தார்கள். மற்றவர்கள் வாங்கி வைத்துக்கொண்டால் என் முகத்தைப் பார்த்துப் பாலுக்குத் தாவினான். ஒரு மூக்கு முடிவதற்குள் மூன்று முறை எழுந்தேன். இது நடக்கிற காரியமில்லை என்று பேடை மூடிய நேரத்தில்தான் வீராம்பட்டினத்து அக்கா என்று நாங்கள் கூப்பிடும் ஒருவர் வந்து அவனை வாங்கிக்கொண்டார்.

அவருடைய கடைசிப் பெண் என் மகளோடு படித்தாள். புருஷன் கடலுக்குப் போகிறவர், படகு தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் நிற்கும். மூன்று பெற்று வளர்த்தவருக்கு என் பையனின் சூட்சுமம் உடனே பிடிபட்டுவிட்டது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

"நீ திரும்பாத. ஒன் மூஞ்சியப் பாத்தாதான் இவனுக்குப் பாலு நெனப்பு வருது" என்றார்.

அன்றிலிருந்து அதுவே எங்கள் ஏற்பாடு. வரைய வேண்டியவர் எனக்கு முன்னால் உட்காருவார், அக்கா பையனோடு பின்னால் நடப்பார். நான் திரும்பக் கூடாது. போகிற ஆட்டோ, வருகிற மாடு, காகம் எல்லாவற்றையும் அவர் பையனுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். நடுவில் என் தோளுக்கு மேலாகப் படத்தை எட்டிப் பார்த்து, அவளுக்கு வாயை இன்னும் கொஞ்சம் திறந்து வை, அவள் என்றைக்கு மூடினாள் என்று வம்பு இழுப்பார். உட்கார்ந்திருப்பவள் சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்பு அடங்கும் நேரத்தில் முகம் எப்படி இருக்குமோ, அதைத்தான் நான் எப்போதும் பிடித்தேன்.

வீட்டில் படங்களைத் துணிக்கொடியில் கிளிப் போட்டு உயரத்தில் தொங்கவிட்டேன். அப்படியும் மகள் நாற்காலி போட்டு ஏறி ஒரு அம்மாவுக்கு மீசை வைத்துவிட்டாள். நன்றாகத்தான் வைத்திருந்தாள். ரொட்டி உருட்டி அழிக்க ஒரு மத்தியானம் ஆனது. சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வரும் என் கணவர், கொடியில் தொங்கும் முகங்களுக்குக் கீழே உட்கார்ந்து காபி குடிக்கும்போது, இத்தனை பேர் பார்க்க ஒரு மனுஷன் நிம்மதியாகக் கால் நீட்ட முடியவில்லை என்று புலம்புவார். ஆனால் ஒரு படத்தைக்கூட இறக்கச் சொன்னதில்லை.

பையனுக்கு ஒரு வயது நெருங்கியபோது, படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, கடற்கரைப் பக்கம் இருந்த சின்ன கேலரிக்குப் போனேன். நடத்துகிறவர் வயதான தமிழ்ப் பெண்மணி. பாதி வாழ்நாள் பாரிஸில் கழித்தவர் என்பதால் எல்லோரும் மதாம் என்று கூப்பிடுவார்கள். ஒவ்வொரு படமாகத் தரையில் பரப்பிப் பார்த்தார். பிறகு கண்காட்சி வைக்கப் பத்து நாள் சுவரைத் தருவதாகச் சொன்னார். திறப்பு நாளை அவர் வெர்னிசாஜ் என்றார். சாயங்காலம் ஆறரைக்கு வைப்பதுதான் வழக்கமாம். அது பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற நேரம், படத்தில் இருக்கிற ஒருத்தியும் வரமாட்டாள், பள்ளி விட்ட கையோடு மதியம் பன்னிரண்டரைக்கு வைக்க வேண்டும் என்றேன். ஒரு மணிக்கு ஊரே ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கப் போகிற புதுச்சேரியில் அந்த வெயிலில் யார் வருவார்கள் என்று அவர் சிரித்தார். சுவரில் இருக்கிறவர்கள் வருவார்கள் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

படங்களை ஒப்படைப்பதற்கு இரண்டு நாள் முன்னால், எது எதற்குப் பக்கத்தில் என்று வீட்டுத் தரையில் அடுக்கிப் பார்த்தேன். பள்ளி வாசல் அப்படியே என் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. மனசு நிறைந்திருந்தது. அப்போதுதான் முகங்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். வீராம்பட்டினத்து அக்கா இல்லை.

ஒரு கோடுகூட இல்லை. எப்படி இருக்கும்? அவர் என் முன்னால் உட்கார்ந்தால் பையனை யார் வைத்துக்கொள்வது? நினைவிலிருந்து வரைந்துவிடலாம் என்று கரியை எடுத்தேன். வரவில்லை. அவர் குரல் தெரியும், செருப்புச் சத்தம் தெரியும், அவர் பையனுக்குச் சொல்லும் காக்கைக் கதை தெரியும். முகத்தை நான் பார்த்ததெல்லாம் பையனைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும்தான், அப்போதும் என் கண் பையன் மேல்தான் இருந்திருக்கிறது. திறப்பு நாளில் அவர் வருவார், சுவர் முழுக்கத் தேடுவார், தன்னைக் காணாமல் ஏதாவது கிண்டல் சொல்லிச் சமாளித்துவிடுவார். அதை என்னால் தாங்க முடியாது. கையில் மிச்சம் இருந்தது மறுநாள் மதியம் மட்டும்தான்.

கணவர் ஷிப்ட் மாற்றிக்கொண்டு எங்களோடு பள்ளிக்கு வந்தார். அக்கா வழக்கம்போல் பையனுக்குக் கை நீட்டினார். இன்றைக்கு நீங்கள்தான் உட்கார வேண்டும் என்றேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தன் மூக்கை வரைய என் பேடு போதாது, அதற்கு வேறு தாள் வாங்கி வா என்றார். கெஞ்சி, கையைப் பிடித்து இழுத்து, மரத்தடிக் கட்டையில் உட்காரவைத்தேன். கணவர் பையனைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனார்.

பையன் திரும்பிப் பார்த்தான். நானும் உட்கார்ந்திருக்கிறேன், அக்காவும் உட்கார்ந்திருக்கிறார், அவன் மட்டும் தூரத்தில் இருக்கிறான். வீதி அதிர அழ ஆரம்பித்தான். கணவர் என்னென்னவோ செய்து பார்த்தார், ஆட்டோ ஹாரனைக்கூட அடித்துக் காட்டினார். பையன் அடங்கவில்லை.

அக்கா பாதி எழுந்துவிட்டார். "அழுவுறாம்மா. கொண்டாரச் சொல்லு" என்றார்.

நான் அவரை நேர்முகமாக வரையத் தொடங்கியிருந்தேன். படம் செத்துப்போய் இருந்தது. ஆனால் அந்த நிமிடம் அவர் கழுத்து அழுகை வந்த பக்கம் திரும்பியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது, உதடு அவனைக் கூப்பிடப் பிரிந்திருந்தது, அவர் கேலி செய்யும் அந்த மூக்கு பக்கவாட்டில் கம்பீரமாக நின்றது. மாதக்கணக்கில் என் முதுகுக்குப் பின்னால் இருந்த முகம் இதுதான் என்று எனக்குப் புரிந்தது.

"அசையாதீங்கக்கா" என்று தாளைத் திருப்பினேன்.

பையன் அழுதுகொண்டே இருந்தான். எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. பெற்றவள் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே என்று பக்கத்தில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. கை நிற்கவில்லை. என் பிள்ளையின் அழுகையைக் கேட்டபடியேதான் அந்தப் படத்தை வரைந்தேன். யாரிடமும் மன்னிப்புக் கேட்க இதைச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன். என் கை அவ்வளவு உறுதியாக அதற்கு முன்னால் ஓடியதில்லை. பள்ளி மணி அடித்தபோது கடைசியாக அந்தக் காதோரத்து முடியைப் போட்டேன். அக்கா எனக்கு முந்தி வீதியைக் கடந்து ஓடிப் பையனை வாரிக்கொண்டார். அவன் சட்டென்று அடங்கினான். படத்தைப் பாருங்கள் என்றதற்கு, அப்புறம் பார்க்கலாம், முதலில் அவனுக்குப் பாலைக் கொடு என்று என்னைத் திட்டினார்.

திறப்பு நாளன்று வெயில் மண்டையைப் பிளந்தது. மதாமின் விருந்தாளிகள் குடை பிடித்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள். பன்னிரண்டரைக்கு ஆட்டோ ஆட்டோவாக என் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பட்டுப்புடவை, மல்லிகைப் பூ, தோளில் தண்ணீர் பாட்டில் மாட்டிய பிள்ளைகள். செருப்போடு வரலாம் என்று மதாம் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் வாசலில் குவியலாகக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். அவரவர் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்துப் பக்கத்தில் நின்று, பிள்ளைகள் கையில் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார்கள். ஒரு மணி அடித்தது, வெளியே கடைகள் மூடின, இங்கே ஒருவரும் நகரவில்லை.

அக்கா கடைசியாக வந்தார். தன் படத்துக்கு முன்னால் போய் நின்றவர் நின்றவர்தான். நான் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றேன். மூக்கை ஒரு நூல்கூடக் குறைக்காமல் போட்டிருக்கிறேனே என்று பையனை மறு இடுப்புக்கு மாற்றினேன். ஒரு கிண்டல் வருமென்று காத்திருந்தேன், வரவில்லை.

மதாம் அவர் பக்கத்தில் வந்தார். மற்ற எல்லோரும் நேராகப் பார்க்கிறார்களே, நீங்கள் மட்டும் எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

"எங்க புள்ள அழுதான், மதாம். அவனத்தான் பாக்குறேன்" என்றார் அக்கா, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

மதாம் என் இடுப்பிலிருந்த பையனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நீங்கள் இருவரும் சொந்தமா என்று விசாரித்தார்.

"சொந்தமெல்லாம் இல்ல. இவ வரைவா, நான் புள்ளைய வெச்சிருப்பேன். இங்க மாட்டியிருக்கிற அத்தனையும் அப்படி வந்ததுதான்."

மீன் விலை சொல்கிற மாதிரி, பேரத்துக்கு இடமில்லாமல் சொன்னார். குடையோடு வந்த விருந்தாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்து வருடம் படித்த படிப்பில் என் படங்களைப் பற்றி ஒருவரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. ஆமாம் மதாம், அப்படித்தான் என்று நானும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.