ஈயப் படலத்தில் சிக்கிய காந்தம்

செந்துறை செல்லக்கண்ணு சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒன்பது வருஷம் தற்காலிக ஆளாக இருந்தார். கண்ணாடித் தகட்டின் மேல் தலைமுடியைவிட மெல்லிசாக ஈயத்தைப் படியவைப்பது அவர் வேலை. விரல் பட்டால் கெட்டுவிடும் என்று தகட்டை விளிம்பில்தான் பிடிப்பார்.

அந்தத் தகடுகளை வைத்து டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தவன் வரதராசன்பேட்டை இருதயநாதன். திரவ ஹீலியத்தில் குளிரவைத்தால் ஈயம் மின்தடையே இல்லாத மீகடத்தியாகிவிடும். அதில் நுண்ணலை, அதாவது மைக்ரோவேவ், அநேகமாக ஆற்றல் இழப்பே இல்லாமல் நிற்க வேண்டும். இரண்டு வருஷமாக இழப்பு குறையவில்லை. தகட்டில் அழுக்கு என்று பேராசிரியருக்கு எழுதிக்கொடுத்தான். 1979இல் செல்லக்கண்ணுவை நிறுத்திவிட்டார்கள். சான்றிதழில் ‘கவனக்குறைவு’ என்று இருந்ததால் வேறு எங்கும் எடுக்கவில்லை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் போனார்.

புது ஆளின் தகட்டிலும் அதே இழப்பு. ஹீலியம் ஊற்றும்போதெல்லாம் இருதயநாதன் குடுவையைத் தாங்கும் இரும்பு வளையத்தில் ஒரு சின்ன மாதா சொரூபத்தை ஒட்டி ஜெபிப்பான். பஸ்ஸில் டிரைவருக்கு முன்னால் இருக்குமே, அடியில் காந்தம் வைத்தது, அது மாதிரி. பேராசிரியர் கேலி செய்வார் என்று அளவெடுக்குமுன் எடுத்துவிடுவான். ஒரு தடவை சொரூபம் ஊரிலேயே தங்கிவிட்டது. அன்றைக்கு இழப்பு பத்தில் ஒரு பங்காகிவிட்டது. குளிரும்போது பக்கத்தில் காந்தம் இருந்தால் அதன் புலம் படலத்துக்குள் சிக்கிக்கொள்ளும். காந்தத்தை எடுத்த பிறகும், மறுபடி சூடேறும்வரை அது போகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செந்துறைக்கு வந்து இதைச் சொன்னான்.

"அப்ப என் தகட்டுல ஒண்ணும் இல்லீங்களா தம்பி?"

"இல்லண்ணே. மாதாவுக்கு அடியில இருந்த காந்தம்தான்."

"சாமி மேல ஏன் போடுறீங்க? ஒட்டுனது யாரு?" என்றாள் செல்லக்கண்ணுவின் மனைவி பொன்னாயி.

"பெரிய சார்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று செல்லக்கண்ணு கேட்டார்.

"அடுத்த மாசம் எனக்குக் கடைசித் தேர்வுண்ணே. அது முடியட்டும். சர்டிபிகேட்ட மாத்தித் தரச் சொல்றேன்."

"முடிஞ்சா தம்பி டாக்டராயிடுவாரு. அப்பறம் செந்துறை பஸ் எங்க நிக்கும்னு மறந்துபூடும்," என்றாள் பொன்னாயி.

செல்லக்கண்ணு அவளை அடக்கவில்லை.

இருதயநாதன் டாக்டர் ஆனான். சான்றிதழ் வரவில்லை. செல்லக்கண்ணு ஆராய்ச்சிக்கூடத்துக்கு இரண்டு தடவை எழுதிப்போட்டார். தகட்டில் அழுக்கு என்றுதான் இருதயநாதனின் ஆய்வேட்டில் இருக்கிறது என்று பதில் வந்தது. மூன்றாவது கடிதம் எழுதவில்லை.

குவாரி டீக்கடையில் அவர் கிளாஸை இரண்டு விரலால் விளிம்பில்தான் பிடிப்பார்.

"என்னா மாமா, சுடுதா?" என்பார்கள்.

"ஆமா" என்பார். சுண்ணாம்புத் தூள் அப்பிய கையோடு, ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டுப் பள்ளத்துக்குள் இறங்குவார்.