மூன்றாவது அறையில் அப்பா செருப்பைக் கழற்றினார்

இந்த வலைப்பதிவில் இதுவரை அருவி, கடற்கரை, சாப்பாட்டுக் கடை என்றுதான் எழுதியிருக்கிறேன். ஓவியக் கண்காட்சிக்கு என்னை இழுத்துப் போனது அப்பா. எழுபத்தாறு வயதில், எங்காவது கூட்டிப் போ என்று ஒருநாளும் கேட்காத மனிதர், போன சனிக்கிழமை பேப்பரை நீட்டி, "இதைப் பார்க்கணும் வேணி" என்றார். மலாக்கா டவுன் அருங்காட்சியகம் ஒன்றில், காலமாகிவிட்ட ஒரு கட்டிடக் கலைஞரின் ஓவியங்களும் சிற்பங்களும். நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய வீடமைப்புத் திட்டத்துக்கு வரைபடம் போட்டவரும் அவர்தான். பெயர் வாசலில் ஆளுயரத்துக்கு இருக்கிறது. இங்கே எழுத எனக்கு மனமில்லை.

ஞாயிறு காலை 9.15க்கு, நாங்கள் இப்போது இருக்கும் செங்கிலிருந்து காரில் கிளம்பினோம். பத்து கிலோமீட்டர்தான், ஆனால் டவுன் நெரிசலில் முப்பத்தைந்து நிமிடம். கார் நிறுத்த ஐந்து வெள்ளி (ரிங்கிட்). டிக்கெட் பத்து வெள்ளி, அறுபது வயதுக்கு மேல் இலவசம். லிஃப்ட் கிடையாது. மாடிக்கு இருபத்திரண்டு படி. முட்டி வலி என்று பாசாருக்கு மீன் வாங்கக்கூட வராத அப்பா, எனக்கு முன்னால் ஏறினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் அறை முழுக்கக் கோடும் கட்டமும். நடுவில் ஒரு சிவப்பு வட்டம். எங்கள் வீட்டுக் குளியலறைக்கு ஓடு பதித்தவர் இதைவிட நேராகப் பதித்திருந்தார். ஆனால் இரண்டாவது அறையில் வாயை மூடிக்கொண்டேன். சுவர் அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் நெட்டு நெட்டாகப் பட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைச் சாய்கோடு. ரப்பர் மரம்! பால் வெட்டும் கோடு இடது மேலிருந்து வலது கீழாக, சரியான சாய்வில். இவர் மரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். மனுசனைப் பிடித்துப்போய்விட்டது.

மூன்றாவது அறை சிற்பங்களுக்கு. அதன் வாசலில் அப்பா நின்றார். குனிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"அப்பா, இது கோயில் இல்ல லா" என்று சிரித்தேன். நான் உள்ளே போனேன்.

வெள்ளை மேடையில், விளக்கு வெளிச்சத்தில், எங்கள் முனியாண்டி சாமி உட்கார்ந்திருந்தார்.

முட்டி உயரக் கறுப்புக் கல். இடது தோள் சில்லு பெயர்ந்தது. சின்ன வயதில் நானே அரைத்துப் பூசிய மஞ்சள், குழிகளில் இன்னும் இருந்தது. அட்டையில், "அமர்ந்த வடிவம். ஆற்றுக்கல், கலைஞர் பூசிய மஞ்சள் வண்ணம்" என்று போட்டிருந்தது. கலைஞர் பூசினாராம்!

எங்கள் தோட்டத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோலா சுங்கை பாரு போகும் சாலையில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். பதினெட்டு வருடத்துக்கு முன் அதை அழிக்கப் புல்டோசர் வரும் வாரத்தில் இந்தக் கல் காணாமல் போனது. கோயில் பூசாரி என் அம்மாவின் தம்பி. மாமா சாமியை விற்றுவிட்டார் என்று தோட்டமே பேசியது. ஆறு வருடத்துக்கு முன் அம்மா இறந்தபோது, பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்த மாமாவை அப்பா கேட்டுக்கு உள்ளேயே விடவில்லை. தம்பி இருந்தும் அம்மா கோடி இல்லாமல்தான் போனாள்.

அப்பா வெறுங்காலோடு வந்து கல்லின் தோளைத் தடவினார். காவலுக்கு இருந்த மலாய்க்கார அக்கா, "பாக்சிக், ஜாங்கான் செந்துஹ்" என்று ஓடி வந்தார். தொடக்கூடாதாம். நான் வேறு ஒன்றில் மாட்டிக்கொண்டு நின்றேன். அப்பா செருப்பைக் கழற்றியது வாசலில். கல் வாசலிலிருந்து தெரியாது.

"இது உள்ள இருக்குன்னு உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

அப்பா கல்லிலிருந்து கையை எடுத்தார். "நான்தான் குடுத்தேன். உங்க மாமா, சாமி உத்தரவு வரட்டும்னு உட்கார்ந்துட்டான். புல்டோசர் உத்தரவு கேக்குமா? வீடு கட்ட பிளான் போட வந்த இந்தத் தொக்கே, இந்த முதலாளிதான், நான் பத்திரமா வெச்சிருக்கேன்னாரு. காசு ஒரு சென் வாங்கல. புதுக் கோயில் கட்டுனதும் கேக்கலாம்னு இருந்தேன்."

"மாமா வித்துட்டாருன்னு சொன்னது?"

"அப்படிச் சொல்லல. கோயில் கொட்டகை சாவி அவன்கிட்டதானே இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னேன். மத்ததை எல்லாரும் அவங்களாவே சொல்லிக்கிட்டாங்க."

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் நல்லா இருக்காது. காரில் ஏற்றினேன். செங்குக்குத் திரும்பும் சந்தில் திரும்பவில்லை. "எங்க போற?" என்றார். "புக்கிட் பெருவாங்" என்றேன். மாமா வீடு அங்கேதான். எட்டு கிலோமீட்டர்.

மாமா கேட்டைத் திறந்து, "வாங்க மச்சான்" என்றார். ஆறு வருடத்துக்குப் பிறகும் அதே மரியாதை. அப்பா கேட்டுக்கு வெளியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். மாமா முதலில் என்னிடம் கேட்டது, "சாமிக்கு மேல கூரை இருக்காம்மா?"

"ஏர்கோன் போட்ட ரூம்ல இருக்காரு மாமா."

தலையாட்டினார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "கல்லு கெடைச்சிருச்சு மச்சான். என் அக்காவுக்கு நான் கோடி போடலயே. அதை எந்த மியூசியத்துல போய்த் தேடறது?"

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

"எனக்கு எதுக்குக் கும்புடு? வெள்ளிக்கிழமை பூசையில, தோட்டத்து ஆளுங்க எல்லாரும் இருக்கறப்ப சொல்லுங்க."

போக நினைப்பவர்களுக்கு: கண்காட்சி இந்த மாதக் கடைசி வரை, திங்கள் விடுமுறை. காலை பத்துக்கே போனால் கூட்டம் இல்லை. ரப்பர் மர ஓவியத்தை அவசியம் பாருங்கள், அதில் அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

நாளை வெள்ளிக்கிழமை. பேச வேண்டியதை எழுதித் தரட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். "வேணாம், ஒரு வார்த்தைதானே" என்றார். சொல்லிவிட்டு, மதியத்திலிருந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்.