அவர் எடுக்காத அழைப்பு

ஒரு காது கேட்காத என் தங்கை, தொலைபேசியில் பேசும் வேலையை வாங்கிக் காட்டினாள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இடது காதைக் கொண்டுபோய்விட்டது. வலது காதை வைத்துக்கொண்டே பள்ளியை முடித்தாள், கல்லூரியையும் முடித்தாள். "செவிட்டுப் பொண்ணுக்கு எதுக்குக் காலேஜ்?" என்று கேட்ட சித்தப்பாவின் வாயை அடைத்தாள். எட்டாவதோடு நின்ற நான் இதைப் பெருமையாகச் சொல்லாத ஆள் இல்லை.

காது கேட்கும் கருவி விற்கும் நிறுவனம் அது. வாடிக்கையாளர் சேவை என்று பெயர். திட்டு வாங்குவதுதான் வேலை. போதாதற்கு, மற்றவர்கள் செய்யும் சொதப்பலும் அவள் தலையில்தான் விழும். பக்கத்து மேசைக்காரனுக்கு மின்னல் என்று பட்டப்பெயர். புகார்களை அத்தனை வேகமாக முடிப்பான்.

"நான் கொட்டுறதை அள்ளத்தான் நீங்க இருக்கீங்களேக்கா" என்பான்.

"அள்ளி அள்ளி என் முதுகு போச்சுடா" என்பாள் இவள்.

ஒரு நாள், தன் பக்கத்து வீட்டுப் பெரியவருக்காக ஒரு பெண் அழைத்தாள். அவர் கருவியைப் பழுதுபார்க்கக் கொடுத்து வாரக்கணக்காகிவிட்டது.

"அவர் வீட்டம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. குரலே எழும்பல. என்னமோ சொல்றாங்க, இவருக்குக் கேக்கல. சீக்கிரம் அனுப்புங்கம்மா."

தங்கை கணினியில் தேடினாள். கருவி எப்போதோ சரியாகி அலமாரியில் கிடந்தது. முகவரியை உறுதிசெய்ய மின்னல் அவரை அழைத்திருக்கிறான், யாரும் எடுக்கவில்லை. 'வாடிக்கையாளர் பதில் அளிக்கவில்லை' என்று எழுதிப் புகாரை மூடிவிட்டான்.

"காது கேக்காதவருக்கு ஃபோன் அடிச்சா மணிச்சத்தம் எப்படிடா கேக்கும்?"

சிரிக்கப் போன மின்னல், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அன்றே தன் கையால் பெட்டியைக் கட்டி, கூரியர்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது என்னிடம், "நாளைக்குப் போயிடும்லக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"போயிடும். முதல்ல சாப்பிடு" என்றேன்.

போய்ச் சேர்ந்தது. சில நாள் கழித்துப் பெரியவரே அழைத்தார்.

"இப்ப நல்லாக் கேக்குதும்மா. குழாய் சொட்டுறதுகூடக் கேக்குது."

"அம்மா எப்படி இருக்காங்கய்யா?"

"பெட்டி வர்றதுக்கு முந்தின நாள் போயிட்டா. கடைசியா என்னமோ சொன்னா. நான் சும்மா தலையாட்டுனேன்."

கணினியில் அந்தப் புகாருக்கு எதிரே 'தீர்ந்தது' என்று பச்சை எழுத்தில் இருந்தது.

தங்கை அவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினாள். அங்கே எந்தக் கடிதமும் 'சேவைக் குழு' என்றுதான் முடிய வேண்டும். ஆள் பெயர் வரக் கூடாது. மேலாளர் படித்துப் பார்த்தார்.

"பேர் போட்டா தப்பு நீ பண்ணதா ஆயிடும்மா. அப்புறம் உன்னைக் காப்பாத்த என்னால முடியாது."

"குழுன்னு போட்டா அவர் யாரை சார் திட்டுவாரு?"

பெரியவர் திட்டவில்லை. பதிலே வரவில்லை. மாதக் கடைசியில் அவளை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அந்த அலுவலகத்திலிருந்து எத்தனையோ கடிதங்கள் எழுதியவள், பெரியவருக்குப் போன அந்தக் கடிதத்தின் அடியில் தன் பெயரை முதன்முதலாகக் கையெழுத்திட்டது நவம்பர் பத்தொன்பதாம் தேதி.