மூண்டு நாள் காணாது

எங்கள் கழகத்தின் உதைபந்தாட்டப் பயிற்றுநர் பதவியிலிருந்து சித்தப்பாவைத் தூக்கி இரண்டு கிழமை கழித்து, அவர் ஒரு வீடியோவில் பேசினார். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் குடும்பத்தில் பேசாமல் இருக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அப்போது பதினொரு வயதாக இருந்த என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சித்தப்பா குருநகரில் பிறந்தும் கடலுக்குப் போகாதவர். வள்ளம் கொஞ்சம் ஆடினாலே அவருக்குக் குடல் புரண்டுவிடும். அதனால் எங்கள் வளவில் பூவரசுக்குக் கீழே மரச்சட்டம் அடித்து, அதில் படகு எஞ்சின்களைக் கொழுவி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். இளவயதில் கழகத்துக்கு விளையாடினார். முழங்கால் போனபிறகு பயிற்றுநரானார். கலியாணம் கட்டவில்லை. பின்னேரம் நாலு மணியானால் கைக்கிறீஸைத் துடைத்துவிட்டு, கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்புவார். அந்த விசில் இல்லாமல் அவரைப் பார்த்தால் யாரோ அயலவர் மாதிரி இருக்கும்.

அந்த வருடம் எங்கள் அணி இறுதிப் போட்டிக்கு வந்தது. பதினொரு பேரில் ஒன்பது பேர் கடல்தொழிலுக்குப் போகிறவர்கள். விடிய விடிய வலை இழுத்துவிட்டு வந்து பந்தை உதைக்கிறவர்கள். போட்டிக்கு முன் மூன்று நாள் ஒருவரும் கடலுக்குப் போகக்கூடாது என்று சித்தப்பா வீடு வீடாகப் போய்ச் சொன்னார். சொன்னால் கேட்டார்கள், அவ்வளவு மரியாதை அவருக்கு. ஆனால் பாருங்கள், மழை பெய்து கரையோரக் களப்பில் இறால் வந்து குவிந்தது சரியாக அந்த மூன்று நாளில்தான். அயல் தேவாலயப் பங்குக்காரர் பெட்டி பெட்டியாக ஏற்றினார்கள். இறக்க ஆளில்லாமல் எங்கள் ஆட்களின் வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டு, கோப்பை வரட்டும் என்று பல்லைக் கடித்தார்கள்.

கோப்பை வரவில்லை. இடைவேளை வரைக்கும் இரண்டு கோல் முன்னால் நின்றோம். அதற்குப் பிறகு எங்கள் பெடியன்களுக்குக் கால் எழும்பவில்லை. கடைசி இருபது நிமிடத்தில் மூன்று கோல் வாங்கினார்கள். இடதுபக்கம் விளையாடிய அண்ணை ஒருவர்தான் ஓடிக்கொண்டிருந்தார். அவரையும் வெளியே எடுத்துவிட்டு ஒரு தடுப்பாட்டக்காரரை இறக்கினார் சித்தப்பா. அந்தக் கிழமையே நிர்வாகம் கூடி அவரை நிறுத்தியது.

இணையத்தில் விளையாட்டுச் செய்தி போடுகிற ஒரு பெடியன் வீடு தேடி வந்தான். எஞ்சின் சட்டத்துக்குப் பக்கத்தில் சித்தப்பாவைக் கதிரையில் இருத்திப் படம் பிடித்தான். கனநேரம் கதைத்தார். யார் எங்கே நிற்க வேண்டும், எப்போது முன்னால் போக வேண்டும் என்று நட்டும் வோசரும் வைத்து விளக்கினார். அதெல்லாம் ஒருவருக்கும் நினைவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் ஊர் பிடித்துக்கொண்டது.

"நான் தோக்கேல்லை. மூண்டு நாள் காணாது. ஒரு கிழமை பெடியளைக் கடலுக்கு விடாமல் வைச்சிருந்தா வெண்டிருப்பம்."

மூன்று நாள் போதவில்லை என்று, இறாலைப் பறிகொடுத்த ஊருக்குச் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும், அல்லது சித்தப்பாவாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் இதே கதைதான். கிழிந்த வலை பொத்துகிற இடத்தில் இதே கதைதான். தொழிலுக்குப் போகாத மனிதனுக்கு ஒரு கிழமையும் ஒன்றுதான், ஒரு வருடமும் ஒன்றுதான் என்றார்கள். கால் ஏன் எழும்பவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். மூன்று நாள் சும்மா இருந்ததால்தான் உடம்பு இறுகிப்போனது என்றுகூட ஒருவர் கண்டுபிடித்தார். ஆனால் சித்தப்பா கிட்ட வந்தால் கதை நின்றுவிடும். அந்த அமைதியை அவர் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார். சனம் யோசிக்கத் தொடங்கிவிட்டது என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தேத்தண்ணியை அவசரமாகக் குடித்துவிட்டு எழும்பிப் போனார்.

வீடியோவுக்குக் கீழே நூற்றுக்கணக்கில் கருத்துகள் வந்திருந்தன. பாரிஸ், லண்டன், ரொறன்ரோ என்று போயிருந்த எங்கள் ஊர் ஆட்கள்தான் அதிகம் எழுதினார்கள், இங்கே இருந்தவர்களும் எழுதினார்கள். அந்த நாளில் போனில் எல்லோரும் தமிழை இங்கிலிஸ் எழுத்தில்தான் தட்டுவார்கள். சித்தப்பா தமிழ்ப் பத்திரிகையை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பவர். ஆனால் இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் பள்ளிக்கூடம் பாதியில் நின்றதால் இங்கிலிஸ் எழுத்து அவருக்குக் கூடிவரவில்லை. நானோ வகுப்பில் இங்கிலிஸுக்குப் பரிசு வாங்கியவள். அப்பாவின் போனைக் கையில் தந்து வாசிக்கச் சொன்னார்.

முதலாவது கருத்தில் முதலாவது சொல்லே தூசணம். அதை ஒரு பெரிய ஆளுக்கு முன்னால் என் வாயால் சொன்னால் அம்மா சொண்டில் சூடு வைப்பார் என்று பயந்தேன். இதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: நான் தொடங்கியது அன்பினால் இல்லை, அடிக்குப் பயந்து. "நல்ல விளக்கம், நன்றி" என்று வாசித்தேன்.

சித்தப்பாவின் முகம் மாறியது. தோற்ற நாளிலிருந்து நான் பார்க்காத முகம் அது. எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. அடுத்ததும் ஏச்சு, அதற்கடுத்ததும் ஏச்சு. நான் ஒவ்வொன்றையும் திருத்தித் திருத்தி வாசித்தேன். பாரிஸ்காரர் ஒருவர், கடலுக்குப் போகப் பயந்தவனிடம் கழகத்தைக் கொடுத்தது யார் என்று கேட்டிருந்தார். எங்கடை ஊருக்கு இப்பிடி ஒரு பயிற்றுநர் கிடைச்சது பெரிய விசயம் என்று அவரைப் புகழ வைத்தேன். இடதுபக்க அண்ணையும் எழுதியிருந்தார். சித்தப்பா தன்னை வெளியே எடுத்த அன்றுதான் கழகம் செத்தது என்று இருந்தது. அந்தப் பெயரை வாசித்ததும் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதனால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாக உழைத்தேன்.

"அண்ணை, நீங்கள் செய்தது சரி. எனக்குக் கால் களைச்சது உங்களுக்குத்தான் தெரிஞ்சது. திரும்பி வாங்கோ."

சித்தப்பா எழும்பிப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு ஒவ்வொரு பின்னேரமும் புதிதாக ஏதும் வந்திருக்கிறதா என்று கேட்பார். வந்திருக்கும். வராவிட்டாலும் வந்திருக்கும்.

ஒரு மாதத்தில் கழகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் வந்தது. புதுப் பயிற்றுநரை அதில்தான் தெரிவுசெய்வார்கள். கூட்டத்துக்குப் போட்டுப்போகச் சித்தப்பா சேட்டை அயன் பண்ணி எடுத்து வைத்ததைப் பார்த்த அம்மா, "தம்பி, இந்த வருசம் விடுங்கோவன்" என்று மெதுவாகச் சொன்னார்.

"இல்லை அண்ணி. சனம் என்ரை பக்கம்தான் நிக்குது. பிள்ளை எல்லாம் வாசிச்சுக் காட்டினவள்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தொடர்ந்து சாப்பிட்டேன். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். அவரும் அந்தக் கருத்துகளை வாசித்திருந்தார் என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது.

கூட்டம் சனசமூக நிலையத்தில் நடந்தது. பிள்ளைகள் நாங்கள் யன்னல் கம்பியைப் பிடித்து ஏறி நின்று பார்த்தோம். சித்தப்பா முன்வரிசையில் இருந்தார். விசிலையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பழைய கோல் காப்பாளர் ஒருவர், கூடப் படித்த தோழமைக்காக, சித்தப்பாவின் பெயரை முன்மொழிந்தார். வழிமொழிவது யார் என்று தலைவர் கேட்டார். ஒருவரும் எழும்பவில்லை. இரண்டாம் முறையும் கேட்டார். கதிரைகள் கிரீச்சிட்டன, அவ்வளவுதான்.

அப்போது சித்தப்பா திரும்பி, மூன்றாம் வரிசையில் இருந்த இடதுபக்க அண்ணையைப் பார்த்தார். கெஞ்சிப் பார்க்கவில்லை. எழும்புவதற்கு நேரமாகிவிட்டது என்று ஒருவருக்கு நினைவுபடுத்துகிற மாதிரி, சிரித்துக்கொண்டு பார்த்தார். தன்னைப் பார்த்து அவர் ஏன் சிரிக்கிறார் என்று அந்த அண்ணைக்கு விளங்கவில்லை. முதலில் திகைத்தார். பிறகு, தன்னைக் கேலி செய்கிறார் என்று எண்ணினாரோ என்னவோ, முகம் சிவந்து கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார். நான் நின்ற யன்னலடியால்தான் போனார்.

தலைவர் மூன்றாம் முறை கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த, சொந்தமாக வள்ளங்கள் வைத்திருந்த வயதான சம்மாட்டி ஒருவர் எழும்பினார்.

"தம்பி, நீர் தோத்ததுக்கு ஒருத்தரும் கோவிக்கேல்லை. தோத்தன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நானே உம்மை வழிமொழிஞ்சிருப்பன்."

முழு உண்மை இல்லை அது. இறால் போன கோபமும் இருந்தது. ஆனால் மண்டபம் முழுவதும் தலையை ஆட்டியது. சித்தப்பா அந்த ஒரு சொல்லை அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவரோ எழும்பி, வரிசைக்கு ஊடாக, வழியில் நீட்டிக்கொண்டிருந்த கால்களுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு வெளியே போனார். புதுப் பயிற்றுநரைத் தெரிவுசெய்து கைதட்டிய சத்தம் றோட்டுவரை கேட்டது.

நான் வீட்டுக்கு ஓடி வந்தபோது அவர் பூவரசுக்குக் கீழே, ஒரு எஞ்சினுக்கு முன்னால் குந்தியிருந்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை. என்னைக் கண்டதும் போனைக் கொண்டுவரச் சொன்னார்.

"இன்னொருக்கா வாசி, பிள்ளை. முதலிலையிருந்து."

நான் கட்டிச் சொன்ன எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. முதலாவதை "நல்லாய்ச் சொன்னீங்கள்" என்று வாசித்தேன். "நல்ல விளக்கம், நன்றி" என்று அவர் திருத்தினார். பாரிஸ்காரரை மாற்றி லண்டனில் வைத்தேன், அதையும் திருத்தினார். எஞ்சின் மூடியைக் கழற்றிக்கொண்டே, என்னை ஏறெடுத்தும் பார்க்காமல், ஒவ்வொன்றுக்கும் நான் அன்று சொன்ன சொல்லை எடுத்துத் தந்தார். எல்லாம் அவருக்குப் பாடமாக இருந்தது. இடதுபக்க அண்ணையின் பெயர் வந்ததும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அடி விழப்போகிறது என்று தோளை ஒடுக்கினேன்.

சித்தப்பா தானே சொன்னார். "அண்ணை, நீங்கள் செய்தது சரி. எனக்குக் கால் களைச்சது உங்களுக்குத்தான் தெரிஞ்சது. திரும்பி வாங்கோ." சொல்லிவிட்டு, கழற்றிய எஞ்சின் மூடியை நிலத்தில் வைத்தார். பிறகு கேட்டார்.

"அப்பிடித்தானே எழுதியிருக்கு?"

"ஓம், சித்தப்பா."

"வாசி. மிச்சத்தையும் வாசி."

இன்று கோப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலிஸ் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் யாராவது புத்தகத்தில் இல்லாததைச் சேர்த்து வாசித்தால் ஏசுவதற்கு எனக்கு வாய் வருவதில்லை. அன்று அந்த மரத்தடியில் எங்கள் இருவரில் யார் யாருக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது என்று இப்போதும் யோசிக்கிறேன். அந்த வயதில் அப்படி ஒன்றும் யோசிக்கவில்லை. மிச்சத்தையும் கட்டி வாசித்து முடித்தேன். சித்தப்பா ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை என்ற பெரிய நிம்மதியோடு, போனை மேசையில் வைத்துவிட்டு விளையாட ஓடினேன்.