ஆறு எம்.எம். சல்லடை

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவும் மகளும் மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றினார்கள். ஜக்கம்மாள் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிவிட, அடியிலிருந்த கசடு வாளியில் இறங்கியது. முந்தின நாளே பிடித்து வைத்திருந்த நகராட்சித் தண்ணீரை முத்துப்பிரியா செம்பு செம்பாக ஊற்றினாள்.

“மெதுவா ஊத்துத்தா. பிள்ளைத்தாச்சி இருக்கா.”

ஒரு கப்பி மீனின் வயிற்றுக்கடியில் கரும்புள்ளி விரிந்திருந்தது.

“ரெண்டு மூணு நாள்ல போட்டுருவா” என்றாள் அம்மா.

அன்று மதியமே மகள் கோயம்புத்தூர் பஸ் ஏறினாள். அங்கே ஒரு பம்பு கம்பெனியில் அவள் இன்ஜினியர். செவ்வாய்க்கிழமை, வேலை பார்த்த ஏலக்காய்க் கடையிலேயே ஜக்கம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

இருபத்தாறு வருஷம் அந்தக் கடையில் காய் தரம் பிரித்தவள். அப்பா இல்லாத வீட்டில் மகளைப் படிக்க வைத்தது அந்தக் கைகள்தான். மீன் வந்தது டெங்கு பரவிய ஒரு வருஷத்தில். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று சுகாதாரப் பணியாளர் ஒருவர் நாலு கப்பியைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டுப் போனார். குட்டி போட்ட சூட்டோடு தாயே அவற்றை விழுங்குவதை ஜக்கம்மாள் பார்த்தாள்.

“பெத்ததையே முழுங்குறியே, நீயெல்லாம் ஒரு தாயா?”

திட்டிவிட்டு யோசித்தாள். கடையில் துளை அளவு வைத்துத்தான் காயைச் சலிப்பார்கள். ஓரம் உடைந்த எட்டு எம்.எம். சல்லடை ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கினாள். மீனுக்கென்றே ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி, அதன் நடுவே சல்லடையைப் படுக்கையாகப் பொருத்தி, மேலே தாயை விட்டாள். ஒல்லியான தாய் ஒன்று துளையில் தலையை நுழைத்து மாட்டிக்கொண்டது. அடுத்தது ஆறு எம்.எம். தாய் மேலேயே நின்றது. குட்டிகள் கீழே இறங்கிப் பாசிக்குள் ஒளிந்தன.

“கடையில கீழ விழுந்தா மட்டக் காய். இங்க கீழ விழுந்தது பூராம் ஒண்ணாம் நம்பரு” என்று போனில் சிரித்தாள்.

துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் அதே அளவுக்குத் துளையிட்டு மகள் கொண்டுவந்தாள். ஒரு சிறு காயைத் துளைக்குள் விட்டுப் பார்த்த பிறகே அம்மா ஒத்துக்கொண்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் வீடு நிறையச் சொந்தம். தொட்டி மூலையில் பிள்ளைத்தாச்சி மீன் அசையாமல் நின்றது. அம்மா கடைசியாகக் காத்திருந்தது இந்தப் பிரசவத்துக்கு. இந்தக் குட்டிகளைத் தாயின் வாய்க்கு விட்டுவிட மகளுக்கு மனமில்லை. தகட்டைப் பொருத்தினாள். மதியத்துக்குள் இருபத்து மூன்று குட்டிகள் கீழே இறங்கின. தாயை வாளிக்கு மாற்றினாள்.

குட்டிகளுக்கு அம்மா கொடுப்பது அவித்த மஞ்சள் கரு. துணியில் கட்டித் தண்ணீரில் கசக்கி விடுவாள். முத்துப்பிரியா முட்டையை அடுப்பில் வைக்கப் போனபோது பெரியம்மா சுந்தரம்மாள் கையைப் பிடித்தாள்.

“துட்டி வீட்ல முட்ட அவிக்கவா? ஊரு என்னடி சொல்லும்?”

“எனக்கில்ல பெரியம்மா. அம்மாவோட மீன்குட்டிக்கு.”

பெரியம்மா குனிந்து பார்த்தாள். “இதுகளுக்குக் கண்ணு மட்டுந்தானடி இருக்கு!”

முட்டையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய் அவித்துக் கொண்டுவந்தாள். பதினாறாம் நாள் வரைக்கும் தினமும் ஒன்று.

“வெள்ளக்கருவ என்ன பண்றீங்க?”

“ஒங்க பெரியப்பன் முழுங்கிர்றாரு. மீனு பேரச் சொல்லி அவருக்குத்தான் வேட்டை.”

அம்மா போன பிறகு முத்துப்பிரியா முதன்முதலாகச் சிரித்தாள். இருபத்தோரு குட்டிகள் பிழைத்தன.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ரேணுகா, அம்மாவோடு கடையில் வேலை பார்த்தவள், தொட்டியருகே நின்றாள்.

“இந்த ஈத்துல அஞ்சு சோடி குரங்கணி ஊருப் பொன்னுமணிக்குன்னு ஒங்கம்மா சொல்லி வச்சிருந்தா.”

“யாரு அவங்க?”

“நாங்க மலைக்கு ஜீப்புல வேலைக்குப் போன காலம். நீ வயித்துல ஏழு மாசம். பொன்னுமணி தன் எடத்த ஒங்கம்மாவுக்குக் குடுத்துட்டு, தெனமும் பின்னால தொங்கிக்கிட்டே வந்தா. இப்ப அவ வீட்டுத் தொட்டியில கொசுவாம்.”

அந்த இடத்தில் தானும் உட்கார்ந்து போயிருக்கிறோம் என்று முத்துப்பிரியா நினைத்தாள். முகம் தெரியாத அந்தப் பெண்ணை மனசுக்குள் கும்பிட்டாள்.

சோடி சேர்க்க ஆண், பெண் தெரிய வேண்டும். இன்னும் பத்து நாளாவது ஆகும். லீவை நீட்டினாள். மீன் கொண்டுபோக, மூடியில் துளை போட்ட டப்பா ஒன்றை அம்மா முன்பே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். அது குரங்கணிக்கு இன்னும் போகவில்லை.