புஷ்பராணிக்கு விருப்பமில்லை என்று நான் சொன்னது

1. கடிதம்

ஆட்களைக் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற காலைப் பெரட்டு முடிந்து அவர்கள் மலைக்கு ஏறிய பிறகு, தோட்டத்தை நிர்வகிக்கிற பெரிய தொரை என்னை அவருடைய அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடிதம் பிரித்துக் கிடந்தது.

"வெல்பெயர், இத வாசிச்சுப் பாருங்க. நல்லதண்ணி பக்கத்து தோட்டத்து தொரை அனுப்பினது. நம்ம புஷ்பராணி வேணுமாம். அதுக்கு பதிலா அவங்க ஒரு பொண்ணு தருவாங்களாம்."

பொகவந்தலாவையில் ஒரு தோட்டத்தில் நான் பத்தொன்பது வருடம் நலன்புரி உத்தியோகத்தராக இருந்தேன். அந்த நீண்ட பெயரைத் தோட்டத்தில் யாரும் சொல்வதில்லை. 'வெல்பெயர் ஐயா' என்பார்கள். பிறப்புப் பதிவு, கூரைத் தகரம், கண் சிகிச்சை முகாம் என்று எல்லாம் என் மேசைக்கு வரும். விளையாட்டு அணிகளும் என் பொறுப்பு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நன்றாக முடிந்த காரியங்களை எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் பிழையாகச் செய்த ஒன்றை எழுதுகிறேன்.

எங்கள் தோட்டமும் அந்தத் தோட்டமும் ஒரே கம்பனிக்குச் சொந்தம். வருடத்துக்கு ஒரு முறை கம்பனித் தோட்டங்களுக்கிடையே பெண்களுக்கான வலைப்பந்துப் போட்டி நடக்கும். ஒரு தோட்டத்துக்கு விளையாட வேண்டுமென்றால் அந்தத் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலையாட்களின் பெயர்ப் பதிவில், பெயர் இருக்க வேண்டும். ஆகவே வேறு தோட்டத்து ஆளை எடுப்பது என்றால் ஜெர்சி மாற்றுகிற காரியமல்ல. வேலை, வீடு, குடும்பம் எல்லாமே இடம் மாற வேண்டும்.

அவர்களிடம் இளம் பெண்கள் இருந்தார்கள். சொல்லிக் கொடுக்க ஆளில்லை. புஷ்பராணி இரண்டு வருடம் விளையாடி, அப்படியே அந்தப் பெண்களையும் பழக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பதிலுக்குக் கௌசல்யா என்ற இருபது வயதுப் பெண்ணைத் தருவதாக எழுதியிருந்தது. கடைசியில் ஒரு வரி: 'புஷ்பராணிக்கு இலகுவான வேலை ஒழுங்கு செய்யப்படும்.'

அந்த வரியை நான் வாசித்தேன். எங்கள் ஆளை இழுப்பதற்காகச் சொல்கிற வார்த்தை என்று நினைத்து அதோடு விட்டுவிட்டேன்.

"ஒரு கிழமைக்குள்ள பதில் போடணும். கேட்டுட்டுச் சொல்லுங்க," என்றார் தொரை.

யாரைக் கேட்டுவிட்டு என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்.

2. மடுவத்தில்

புஷ்பராணிக்கு அப்போது முப்பத்தாறு வயது. கொழுந்து பறிக்கிறவர். கணவர் கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. பதின்மூன்று வருடம் எங்கள் அணிக்கு கோல் அடித்தவர் அவர்தான். வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பிடித்த இடத்தில் காலை ஊன்றித் திரும்பி எறிய வேண்டும். புஷ்பராணி கம்பத்துக்குக் கீழே நின்று இரண்டு கையையும் தூக்கினால் மைதானத்தைச் சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். பந்து வளையத்தில் படாமல் வலைக்குள் இறங்கும். அதைப் பார்ப்பதற்காக மேல் டிவிசனிலிருந்து ஆட்கள் நடந்து வருவார்கள்.

ஆனால் முந்தைய வருட இறுதிப் போட்டியில் கடைசிப் பகுதியில் அவருடைய நான்கு எறிதல்கள் தவறின. இரண்டு கோல்களால் தோற்றோம். அன்றிலிருந்தே 'வயசாயிருச்சு' என்ற பேச்சு இருந்தது.

கடிதத்தைப் பற்றி நான் ஆபீஸ் கிளாக்கரிடம் மட்டும்தான் சொன்னேன். அன்று பின்னேரமே அது தோட்டத்து இளைஞர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தது. மறுநாள் பாண் வாங்கப் போனபோது கடைக்கார ரஷீத் நானா என்னை நிறுத்தினார். எங்கள் அணியின் ஒரு போட்டியையும் தவறவிடாதவர்.

"ஐயா, ஆள மாத்துறதுன்னா இப்பவே மாத்திரணும். இன்னும் ஒரு வருசம் போனா புஷ்பராணிக்கு பதிலா யாரும் யாரையும் தரமாட்டாங்க."

கடைக்குள் தேநீர் குடித்துக்கொண்டிருந்த இருவர் அவரோடு சண்டைக்குப் போனார்கள். நான் பாணை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போனேன். பெண்கள் மூட்டையோடு வரிசையில் நின்றார்கள். தராசருகே முத்துசாமி கங்காணி. அங்கேயும் அதே பேச்சுதான்.

"போன வருசம் கடைசியில கையே தூக்க முடியல. எல்லாரும் பாத்தோமே," என்றார் ஞானம்மா. அவர் புஷ்பராணியோடு ஒரே மலையில் கொழுந்து எடுக்கிறவர்.

"கையில என்ன கொற? பந்து ஒழுங்கா வந்தாதானே போட முடியும். குடுத்தவங்கள கேளு," என்றார் முத்துசாமி.

"அந்தக் கௌசல்யா புள்ள என்ன ஒசரம் தெரியுமா? துள்ளுனா வளையத்த தொட்டுருமாம்," என்றார் ஞானம்மா.

"ஒசரத்த வச்சு என்ன செய்ய. நம்ம லயத்து வீடுங்களுக்குப் பின்னால நிக்கிற சவுக்கும்தான் ஒசரம்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புஷ்பராணி வரிசையில் ஆறாவதாக நின்றார். ஞானம்மாவுக்கும் முத்துசாமிக்கும் நடுவில். பேச்சு அவருடைய தலைக்கு மேலாலேயே போய் வந்தது. ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை. அவருடைய முறை வந்தது. மூட்டையைத் தராசில் வைத்தார். முத்துசாமி கிலோவைச் சொன்னார். வெறும் சாக்கை மடித்துக்கொண்டு, தூணைப் பிடித்தபடி, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். மழை பெய்து படி வழுக்குகிறது போல என்று நினைத்தேன்.

3. பதில்

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நானும் ஒரு ரசிகன்தான். அணி வென்ற கோப்பைகள் என் அறைக் கண்ணாடி அலமாரியில் இருந்தன. தொரையைப் பார்க்க யார் வந்தாலும் முதலில் அவற்றைக் காட்டுவேன். புஷ்பராணி இன்னொரு தோட்டத்துச் சட்டையோடு விளையாடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கிழமை முடிவில் தொரை கேட்டார்.

"என்னா வெல்பெயர், போகட்டுமா, இருக்கட்டுமா?"

"அவங்களுக்கு விருப்பம் இல்ல சேர்."

"கேட்டீங்களா?"

"கேட்டேன் சேர்."

அவர் பேனையை எடுத்துக் கடிதத்தின் மூலையில் 'தொழிலாளிக்கு விருப்பமில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பொய் சொன்னேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோட்டமே அவரை விட மனமில்லாமல் இருக்கும்போது, அவருக்கு மட்டும் வேறு மனம் எப்படி இருக்கும் என்றுதான் நினைத்தேன். அன்று பின்னேரம் லயத்தில் யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். முத்துசாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல காரியம் செஞ்சீங்க ஐயா," என்றார்.

4. ஹட்டனில் இறுதிப் போட்டி

மூன்று மாதம் கழித்து ஹட்டனில் இறுதிப் போட்டி. எதிரணி திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம். காலையிலிருந்து தூறல். நாங்கள் வந்த பஸ்ஸுக்குப் பின்னால் புஷ்பராணி குனிந்து இடது முழங்காலில் பட்டித் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா. ஒரு பிடிப்புக்குத்தான்."

அன்று அவர் விளையாடியதைப் போல அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஓட்டம் குறைவு. ஆனால் பந்து வருகிற இடத்தில் முன்கூட்டியே நின்றார். கடைசிப் பகுதியில் எறிந்தது எல்லாம் உள்ளே போனது. ஒரு கோலால் வென்றோம். பெண்கள் அவரைத் தூக்கினார்கள். கீழே இறக்கியபோது அவரால் இடது காலை ஊன்ற முடியவில்லை. ஈரச் சீமெந்திலேயே உட்கார்ந்தார். கோப்பையோடு எடுத்த படத்தில் எல்லோரும் நிற்க அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். படத்தைப் பார்க்கிறவர்கள் அதை மரியாதை என்று நினைப்பார்கள்.

திங்கட்கிழமை அவர் பெரட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் முழங்கால் சவ்வு கிழிந்து தேய்ந்திருக்கிறது என்றார்கள். இது ஒரு நாளில் வந்ததல்ல என்றும் டாக்டர் சொன்னாராம். மலை ஏறி இறங்கக் கூடாது. தேயிலைத் தோட்டத்தில் மலை ஏறாத வேலை எத்தனை பேருக்கு இருக்கிறது?

5. அவர் கேட்ட கேள்வி

இரண்டு கிழமை கழித்து மருத்துவ விடுமுறைப் பத்திரத்துக்காக என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஐயா, நல்லதண்ணியிலருந்து கடுதாசி வந்துச்சே. அதுக்கு என்னன்னு பதில் போட்டீங்க?"

"தொரைதானேம்மா பதில் போட்டது."

"எனக்கு விருப்பம் இல்லன்னு போட்டிருக்காம். அந்தத் தோட்டத்து வெல்பெயர் மிஸ் போன்ல சொன்னாங்க. நான் எப்பங்க ஐயா அப்படி சொன்னேன்?"

அவரே தொடர்ந்தார்.

"மொழங்காலு ரெண்டு வருசமா வலி. வெளிய சொன்னா டீம்லருந்து எடுத்துருவாங்கன்னு சொல்லல. போன வருச மேட்ச்சுல அந்த மிஸ்கிட்ட, மலை ஏறாத வேல ஏதும் இருக்கான்னு நான்தான் வாய் விட்டுக் கேட்டேன். அங்க புள்ளக் காம்பராவுல ஒரு எடம் காலியாகுது, புள்ளைங்கள பாத்துக்கிட்டு எங்க டீமையும் பழக்குறீங்களான்னாங்க. அதுக்குப் பொறகுதான் அந்தத் தொரை கடுதாசி போட்டாரு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்படிங்க சொல்றது? மடுவத்துல என்னை வச்சுக்கிட்டே பேசுறாங்க. நடுவுல நின்னுக்கிட்டு, நான் போறேன்னு சொல்லவா? எப்படியும் ஆபீசுல கூப்பிட்டுக் கேப்பாங்க, அப்ப சொல்லிக்கலாம்னு இருந்தேன். அந்தக் கிழம பூரா எதிர்பாத்தேன். யாரும் கூப்பிடல."

அவர் குரலை உயர்த்தவில்லை. அழவுமில்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். மேசையைப் பிடித்து எழுந்தார். நான் கை கொடுக்க எழுந்தபோது, வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுப் போனார்.

அன்றே தொரையிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"கேட்டேன்னு சொன்னீங்கதானே."

"சொன்னேன் சேர். கேக்கல."

அவரே நல்லதண்ணிக்குப் போன் எடுத்தார். அந்தப் பிள்ளைக் காம்பரா வேலை அந்தத் தோட்டத்துப் பெண் ஒருவருக்கு முன்பே கொடுத்தாகிவிட்டது. தொரை எனக்கு எழுத்தில் ஒரு கண்டனம் தந்தார். என் பைலில் அது இன்னும் இருக்கும். அதை நான் எதிர்க்கவில்லை.

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஒரு இடம் காலியாக ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆனது. அதுவரைக்கும் புஷ்பராணி கீழ்மலையில், சரிவு குறைந்த இடங்களில், காலுக்கு முடிந்த நாட்களில் மட்டும் கொழுந்து எடுத்தார். முடியாத நாட்களே அதிகம். பிறகு அவர் பந்தைத் தொடவில்லை.

அடுத்த வருடம் எங்கள் அணி முதல் சுற்றிலேயே தோற்றது. ரஷீத் நானா கடையில் மறுபடியும் கூட்டம். முத்துசாமி எல்லோருக்கும் கேட்கும்படி, "அப்பவே அந்த ஒசரமான புள்ளய எடுத்திருக்கணும். ஆபீசுல யாருக்கும் மூளையில்ல," என்றார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தான் முன்பு என்ன சொன்னோம் என்பதும் அவருக்கு நினைவிருந்ததாகத் தெரியவில்லை. ரசிகர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பேசுவது அவர்களுடைய சந்தோஷம். முடிவு எழுதுகிற நாற்காலியில் அவர்கள் உட்காரவில்லை. நான் உட்கார்ந்திருந்தேன்.

6. மன்னிப்பு

புஷ்பராணி பிள்ளைக் காம்பராவில் சேர்ந்த முதல் நாள் அங்கே போனேன். சின்னப் பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். பல நாட்களாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன். நான் சொன்ன ஒரு பொய்யால் நல்லதண்ணி வேலையும் போனது, காலும் போனது, வலியோடு அந்த மேட்ச்சையும் ஆட வைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன்.

அவர் ஒரு துணியை மடித்து முடித்தார்.

"வேல போனதுக்கு நீங்கதாங்க ஐயா காரணம். அத இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஹட்டன் மேட்ச்சு நானா ஆடுனது. காலு போயிரும்னு தெரிஞ்சுதான் ஆடுனேன். கடைசியா ஒரு தடவ நல்லா ஆடிட்டு வந்துரணும்னு இருந்துச்சு. அதையும் நீங்க செஞ்சதுன்னு எடுத்துக்காதீங்க."

தலை குனிந்துகொண்டு வெளியே வந்தேன். மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் அவருடைய மனதில் இருப்பதை நானே தீர்மானித்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரைக்கும், இடமாற்றம், வீடு, வேலை மாற்றம் என்று எந்தக் கடிதம் வந்தாலும் நான் லயத்துக்கு நடந்து போனேன். சம்பந்தப்பட்டவரை அவருடைய வீட்டில், மற்றவர்கள் இல்லாத நேரத்தில், கேட்டேன். சொன்னதை அவர்களுடைய வார்த்தையிலேயே எழுதி, திரும்ப வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். "இதுக்குப் போயி இவ்வளவு தூரம் வந்தீங்களா ஐயா," என்று சிலர் சிரித்தார்கள். பாதிப் பேர் நான் நினைத்துக்கொண்டு போனதற்கு நேர்மாறான பதிலைத்தான் சொன்னார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒருவரை உங்களுக்கு எத்தனை வருடமாகத் தெரிந்திருந்தாலும், எவ்வளவு பிடித்திருந்தாலும், அவருக்கு விருப்பமா இல்லையா என்பதை அவர் வாயால் கேட்காமல் எழுதாதீர்கள்.