கதவு திறந்தே ஓடிய இயந்திரம்

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஜெயபாரதியை யாரும் கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை. மயிலாப்பூர் வீட்டின் பின்னறையில், இரும்பு பீரோவுக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுவாள். தொழிற்சாலை இயந்திரங்களைத் தானாக ஓடவைக்கும் புரோகிராம் எழுதுவது அவள் பிழைப்பு. அதே தொழிலில் இருக்கும் எழுபது எண்பது பேர் ஓசூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கிண்டிப் பக்கமிருந்தும் ஆன்லைனில் வந்து சேருவார்கள். ஆறு வருஷமாக நடக்கிற கருத்தரங்கு. ஒரே ஒரு சட்டம்தான்: பேச வருகிறவர் தான் செய்த ஒரு தவறோடு வரவேண்டும். பெருமையடித்துக்கொள்ள ஊரில் வேறு இடமா இல்லை என்பாள்.

வேடிக்கை என்னவென்றால், சட்டம் போட்ட மகராசி இத்தனை நாளும் சொன்னதெல்லாம் சில்லறைத் தவறுகள். பெரியது ஒன்றை அமுக்கி வைத்திருந்தாள்.

மூன்று வாரம் முன்பு, வந்தவர்கள் பட்டியலில் புதிதாக ஒரு பெயரைப் பார்த்தாள். ரகுபதி, வடபழனி. முகம் காட்டவில்லை, பேசவில்லை. ஆனால் அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். ஜெயபாரதிக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனி. புது இயந்திரத்துக்கு வயரிங் போட்டவர் ரகுபதி, புரோகிராம் போட்டவள் இவள். இயந்திரத்தின் காப்புக் கதவைத் திறந்தால் எல்லாம் நின்றுவிட வேண்டும், அதற்கு ஒரு சென்சார். சோதனைக்காக, கதவு திறந்திருந்தாலும் மூடியதாகவே எடுத்துக்கொள் என்று லேப்டாப்பிலிருந்து கட்டளை கொடுக்கலாம். 'ஃபோர்ஸ்' என்பார்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். இவள் மறந்தாள்.

மறுநாள் கதவு திறந்திருக்க இயந்திரம் ஓடியது. யாருக்கும் அடிபடவில்லை, தெய்வாதீனம். மேனேஜர் வந்து வயரிங்தான் கோளாறு என்று குதித்தார். ரகுபதி மறுபேச்சில்லாமல் வயர்களைக் கழற்றி மறுபடி மாட்டினார். அதே நேரத்தில் இவள் லேப்டாப்பைத் திறந்தாள், ஃபோர்ஸ் இருப்பதைக் கண்டாள், சத்தமில்லாமல் எடுத்தாள். இயந்திரம் ஒழுங்காக நின்றது. பார்த்தீர்களா, வயரிங்தான் என்றார் மேனேஜர். அடிப்பாவி, அப்போதாவது வாயைத் திறந்தாளா? இல்லை. அன்றோடு ரகுபதிக்கு அங்கே வேலை போயிற்று.

இந்தச் சனிக்கிழமை அதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். அவளோடு சேர்ந்து கருத்தரங்கை நடத்தும் அடையாறு ஆனந்தகுமாருக்கு மூன்றரை மணிக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவர் பதறிப்போனார்.

"ஜெயா, உனக்கு வேலை குடுக்கிற ரெண்டு கம்பெனிக்காரங்க உள்ள வந்து கேக்குறாங்க. இது இப்பத் தேவையா?"

"தேவைதான் சார். ஆனா அந்த நேரம் ரெகார்டிங்கை மட்டும் நிறுத்திடறேன்."

ரெகார்டிங் அன்றைக்கே இணையத்தில் ஏறிவிடும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவளுடைய தைரியம் அவ்வளவுதான்.

நாலே முக்காலுக்கு ரெகார்டிங்கை நிறுத்தினாள். சொன்னாள். கம்பெனி பேரைச் சொல்லவில்லை; ரகுபதியைக்கூட 'ஒரு வயர்மேன்' என்றுதான் சொன்னாள். முடித்ததும் ஒரு மைக் திறந்தது.

"மேடம், நான் ரகுபதி பேசறேன். கேக்குதா?"

"கேக்குது ரகுபதிண்ணா."

"அன்னிக்குக் கதவைத் தொறந்தா சென்சார் லைட்டு கரீட்டா அணைஞ்சிச்சு மேடம். நானே பாத்தேன், வயரிங் சரின்னுதான அர்த்தம். ஆனா அல்லாரும் வயரிங் தப்புன்னாங்கோ. மாட்டுன ஒடனே சரியாவும் பூடுச்சு. சரி, நம்மதான் எங்கியோ கோட்டை வுட்டோம்னு நெனச்சிக்கினேன். அப்பால மிசின் பேனல் வயரிங் வேலையே தொடல. இப்ப கல்யாண மண்டபத்துல ஜெனரேட்டர் பாத்துக்கினு கீறேன். ஒரு பல்பு மாத்துனாகூட மூணு தபா செக் பண்ணுவேன். ஒம்போது வருசமா என் கையையே நான் நம்பல மேடம். இன்னா தப்பு பண்ணோம்னு தெரிஞ்சிக்கலாம்னுதான் இங்க வந்து குந்திக்கினு இருந்தேன்."

ஜெயபாரதிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அவர் தன்னைத் தேடி வந்திருக்கிறார் என்று மூன்று வாரமாகப் பயந்து செத்தாளே! அவர் தேடி வந்தது அவருடைய தவறையே.

"என்னை மன்னிச்சிடுங்க ரகுபதிண்ணா."

"அது கெடக்கட்டும் மேடம். இத்த ரெகார்டு பண்ணீங்கல்ல? வூட்ல என் சம்சாரம் தேவானைக்குப் போட்டுக் காட்டணும். அதுவும் அன்னிலேர்ந்து நான் கவனமில்லாதவன்னுதான் நெனச்சிக்கினு கீது."

ஜெயபாரதி தலையைக் குனிந்துகொண்டாள். பொய் சொல்லியிருக்கலாம். ஏதோ கோளாறு, பதிவாகவில்லை என்றால் யாருக்குத் தெரியப்போகிறது?

"இல்லண்ணா. நிறுத்திட்டேன். பயந்துட்டேன்."

"அப்ப ஆன் பண்ணுங்கோ," என்றார் ரகுபதி. குரலில் கோபமில்லை. "மொதல்லேர்ந்து சொல்லுங்கோ. வயர்மேன்னு வாணாம், என் பேரைப் போட்டே சொல்லுங்கோ."

ஆனந்தகுமார் ஏதோ சொல்ல மைக்கைத் திறந்தார், பிறகு தானே மூடிக்கொண்டார். ஜெயபாரதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி வந்தது.

"என் பேர் ஜெயபாரதி," என்று ஆரம்பித்தாள். "ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி ரகுபதி போட்ட வயரிங் சரியாத்தான் இருந்தது."